நெக்கைக் கழற்றாமல் பழைய பேஸ் வாங்காதீர்கள்: நான் பட்டது

பழைய பேஸ் கிட்டார் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். இருபது வருடமாக பேஸ் வாசிக்கிறேன். தொழில்முறையாக இல்லை, ஆசைக்காகத்தான். பத்துப் பன்னிரண்டு பேஸ் வாங்கியிருக்கிறேன், விற்றிருக்கிறேன், பிரித்துப் போட்டுத் திரும்பக் கோத்திருக்கிறேன். அப்படியிருந்தும் போன வருடம் ஒருவர் என்னை ஏமாற்றிவிட்டார். விளம்பரத்தில் ஒரு பொய்கூட எழுதாமல்.

அதில் இருந்தது இவ்வளவுதான்: "ஃபெண்டர் ஜாஸ் பேஸ். 1973 நெக், முத்திரை இருக்கிறது. ஒரிஜினல் சீரியல் நம்பர் தகடு. நிறைய மேடை பார்த்தது. அருமையான சத்தம்." ஜாஸ் பேஸ் என்பது ஃபெண்டர் கம்பெனியின் ஒரு மாடல். நெக் என்றால் கை பிடித்து வாசிக்கும் நீண்ட கழுத்து மரம், முத்திரை என்றால் அதன் அடியில் குத்திய தேதி. இதைப் படித்ததும் என் மனது தானாகவே '1973 ஜாஸ் பேஸ்' என்று சேர்த்துப் படித்துக்கொண்டது. பாடி, அதாவது உடல் மரம், எந்த வருடத்தது என்று அவர் எழுதவே இல்லை. ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப் பற்றியும் பேச்சில்லை. நெக் என்ற சொல்லும் தகடு என்ற சொல்லும் அங்கே ஏன் தனித்தனியாக நிற்கின்றன என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும்.

நேரில் போனேன். மரியாதையான, வயதில் மூத்த மனிதர். பேச்சில் இசை மேல் இருந்த ஈடுபாடு நிஜம், அதை இப்போதும் மறுக்க மாட்டேன். ஆம்பில் செருகி வாசித்துக் காட்டினார். நானும் வாசித்தேன். கை இதமாக ஓடியது, ஸ்ட்ரிங் தாழ்வாக இருந்தது, நெக் நேராகத் தெரிந்தது. ஆனால் ட்யூனரை மாட்டியபோது நாலாவது ஸ்ட்ரிங் வழக்கமான 'ஈ' ஸ்வரத்தைக் காட்டவில்லை, அதைவிடத் தாழ்ந்த 'டி'யைக் காட்டியது. கேட்டேன். "நான் எப்பவுமே ஒரு ஸ்டெப் இறக்கித்தான் வாசிப்பேன் தம்பி. எங்க பாடகருக்கு அதுதான் தோது" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் ஏமாற்று வேலையின் பாதி இங்கேதான் இருந்தது. 45 முதல் 105 வரை தடிமனுள்ள (ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில்) வழக்கமான ஸ்ட்ரிங் செட்டைச் சரியான சுருதியில் கட்டினால், நாலும் சேர்ந்து நெக்கை ஏறத்தாழ 80 கிலோ விசையில் இழுக்கும். எல்லாவற்றையும் ஒரு முழு ஸ்டெப் இறக்கினால் அந்த இழுவையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதற்கு மேல் அவர் மெல்லிய செட் வேறு போட்டிருந்தார். தாங்க முடியாமல் வளைகிற நெக்கூட அந்தப் பாரத்தில் நேராகத்தான் நிற்கும். பார்க்கப் போகும் பேஸ் சுருதி இறங்கி இருந்தால், காரணம் எவ்வளவு நியாயமாகப் பட்டாலும், சரியான சுருதிக்கு ஏற்றி அரை மணி நேரமாவது காத்திருந்து பிறகு நெக்கைப் பாருங்கள். அவசரமாகப் போக வேண்டும் என்று விற்பவர் சொன்னால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

"நெக்கைக் கழற்றி ஒரு தடவை பார்த்துக்கலாமா சார்?" என்று கேட்டேன். கேட்கவே செய்தேன். "அம்பது வருஷத்து ஸ்க்ரூ தம்பி. கழட்டிக் கழட்டி மாட்டினா மரத்துல ஓட்டை தேஞ்சு போயிரும். முத்திரைக்கு போட்டோ இருக்கு, பாருங்க" என்று போனை நீட்டினார். நெக்கின் அடிப்பாகம், அதில் மை முத்திரை, எல்லாம் தெளிவாக இருந்தது. அந்தப் படமும் உண்மையானதுதான்.

பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. டிரஸ் ராட் என்பது நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பி, அதன் நட்டைத் திருப்பித்தான் நெக்கின் வளைவைச் சரிசெய்வார்கள். அந்தக் காலத்து நாலு ஸ்க்ரூ ஜாஸ் பேஸில் டிரஸ் ராடின் நட் நெக்கின் அடியில், பாடிக்குள் புதைந்து இருக்கும். அதைத் திருப்ப வேண்டுமென்றால் நெக்கைக் கழற்றியோ, ஸ்க்ரூக்களைத் தளர்த்தி நிமிர்த்தியோதான் ஆக வேண்டும். அதாவது, கழற்றிக் கழற்றி மாட்டுவதற்கென்றே செய்யப்பட்ட அமைப்பு அது. ஐம்பது வருடமாகப் பராமரித்து வாசித்த ஒருவர் நெக்கைக் கழற்றவே கூடாது என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? சரியான அளவு ஸ்க்ரூ டிரைவரும் நிதானமான கையும் இருந்தால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. மாட்டும்போது ஸ்க்ரூவை முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்பி, பழைய மரைக்குள் அது 'டக்' என்று உட்கார்ந்ததும் வலப்பக்கம் முறுக்க வேண்டும். அவ்வளவுதான்.

அன்று ராத்திரியே வழக்கமான செட் மாட்டி 'ஈ'க்கு ஏற்றி வைத்தேன். காலையில் எடுத்தால், பன்னிரண்டாவது ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃபிரெட்) ஸ்ட்ரிங் பாலம் மாதிரி தூக்கி நிற்கிறது. முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, ஏழாவது எட்டாவது ஃபிரெட் பக்கம் இடைவெளி பார்த்தேன். ஒரு விசிட்டிங் கார்டு கனம், அதாவது 0.3 மில்லிமீட்டர் இருந்தால் ஆரோக்கியமான நெக். எனக்கு ஏடிஎம் கார்டே தாராளமாக நுழைந்தது.

நெக்கைக் கழற்றினேன். டிரஸ் ராட் நட் முழுக்க முறுக்கி முடிந்திருந்தது. அதன் அடியில் இரண்டு வாஷர். வாஷர் போடுவது குற்றமில்லை, நட்டின் மரை தீர்ந்துபோனால் பழுது பார்ப்பவர்கள் செய்கிற வேலைதான். ஆனால் இரண்டு வாஷருக்குப் பிறகும் நட் முட்டி நிற்கிறது என்றால் அந்த நெக்கில் இனிமேல் சரிசெய்ய இடமே இல்லை என்று அர்த்தம்.

அப்புறம் பிக்கப் பக்கம் வந்தேன். இதைத்தான் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ஸ்கேல் போதும். ஜாஸ் பேஸ் 1960ல் வந்தது. 60களின் பாடியில் இரண்டு பிக்கப்புக்கும் இடையே, நடுவிலிருந்து நடுவுக்கு, 3.6 அங்குலம். 70களில் பிரிட்ஜ் (பாடியில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் உலோகப் பாகம்) பக்கத்துப் பிக்கப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி 4 அங்குலமாக்கினார்கள். அந்தக் காலத்து சத்தம் கொஞ்சம் கூர்மையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். என் பேஸை அளந்தேன். 9.1 சென்டிமீட்டர், அதாவது 3.6 அங்குலம். தப்பாக அளந்துவிட்டேனோ என்று மூன்று தடவை அளந்தேன். 1973 பாடி என்றால் 10 சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும்.

பாடியின் முகத்தில் திருகியிருக்கும் பாதுகாப்பு அட்டையான பிக்கார்டைக் கழற்றியபோது மிச்சமிருந்த நம்பிக்கையும் போயிற்று. வருடக்கணக்கில் வெளிச்சம் பட்ட பெயின்ட்டும், பிக்கார்டின் நிழலிலேயே கிடந்த பெயின்ட்டும் ஒரே நிறத்தில் இருக்காது. அட்டையின் விளிம்பு எங்கே இருந்தது என்று கோடு போட்ட மாதிரி வித்தியாசம் தெரியும். இங்கே அட்டைக்கு அடியிலும் அதே பழுப்பு, அதே மங்கல். வெயிலே படாத இடம் எப்படி வெயில் பட்ட இடத்தைப் போலவே பழுக்கும்? தேய்மானமும் அப்படித்தான். ஃபெண்டர் 60களின் கடைசியில் பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறிவிட்டது. அது கனமான பூச்சு, போகும்போது கண்ணாடிச் சில்லு மாதிரி விளிம்போடு உடைந்து போகும். என்னுடையதில் முழங்கை படும் இடத்தில் பெயின்ட் படிப்படியாகக் கரைந்து, மரம் வழவழவென்று தெரிந்தது. அது உப்புத்தாளின் வேலை.

கன்ட்ரோல் தகட்டைத் திறந்தால் பாட் (சத்தத்தையும் தொனியையும் மாற்றும் குமிழின் அடியில் இருக்கும் மின் பாகம்) மூன்றும் புதிது, வயரைப் பற்றவைத்த சால்டர் பளபளவென்று இருந்தது. பழைய பாட்களின் முதுகில் ஒரு எண் குத்தியிருப்பார்கள். 137 என்று தொடங்கினால் சிடிஎஸ் தயாரிப்பு, 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு, கடைசி இரண்டு வாரம். 1377312 என்றால் 1973ஆம் ஆண்டு 12ஆவது வாரம். உள்ளே இருக்கும் அந்தப் பாகத்துக்கு முன்னால் கிட்டார் பிறந்திருக்க முடியாது. என்னுடைய பாட்களில் எந்த எண்ணும் இல்லை.

சீரியல் நம்பர் தகடு மட்டும் அசல். ஆனால் அது நாலு ஸ்க்ரூவில் நிற்கிற இரும்புத் துண்டு. எந்தப் பாடியில் வேண்டுமானாலும் மாட்டலாம். நெக்குக்கும் பாடிக்கும் அது எந்தச் சாட்சியும் சொல்லாது. அந்தக் காலத்தில் தகடுகளை வரிசைப்படி எடுத்து மாட்டவுமில்லை, அதனால் நம்பரை வைத்து ஆண்டைக் குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும்.

அவரைக் கூப்பிட்டேன். "நான் பாடி 1973னு எங்கயாவது சொன்னேனா தம்பி? விளம்பரத்தை இன்னொரு தடவை படிங்க" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. ஒரு முழு ஒரிஜினல் பேஸின் விலையை அவரிடம் கொடுத்திருந்தேன். வாங்கியது, சரிசெய்ய முடியாத ஒரு நெக்கும் பழசாக்கிய ஒரு புதுப் பாடியும். அடுத்த அழைப்பை அவர் எடுக்கவில்லை.

பட்டது அதோடு நிற்கவில்லை. நெக்கைச் சூடு போட்டு நிமிர்த்த முடியுமா என்று கேட்டு ஒரு பட்டறையில் கொடுத்தேன். கொடுத்த வேலை நெக் மட்டும்தான். திரும்பி வாங்கப் போனபோது பாடியின் பின்பக்கத்தை ரவுட்டர் மெஷினால் குடைந்து 9 வோல்ட் பேட்டரிப் பெட்டியும், உள்ளே சிக்னலைக் கூட்டும் ஒரு ப்ரீஆம்பும் வைத்திருந்தார்கள். "சும்மா கிடக்குது, ஆக்டிவ் பண்ணிட்டா பஞ்ச் கிடைக்கும்னு போட்டோம்" என்றார் வேலை செய்தவர். அதற்கும் சேர்த்து பில். நெக் நிமிரவில்லை. குடைந்த விளிம்பில் பெயின்ட் சிதறியிருந்தது. பட்டறைக்கு எதையாவது கொடுக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதோடு எதையெல்லாம் தொடக்கூடாது என்பதையும் எழுதி, அவர்கள் கையெழுத்தோடு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டே கொடுங்கள்.

மாற்றங்கள் செய்வதை நான் எதிர்ப்பவன் இல்லை. பிக்கப் மாற்றியிருக்கிறேன், செம்புத் தாள் ஒட்டி இரைச்சலைக் குறைத்திருக்கிறேன், பிரிட்ஜ் மாற்றியிருக்கிறேன். ஆனால் மரத்தில் கை வைத்ததில்லை. ஸ்க்ரூவில் முடிகிற மாற்றம் என்றால் நாளைக்குத் திரும்ப முடியும். மரத்தைக் குடைந்துவிட்டால் முடியாது. கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும், ஸ்க்ரூ உட்பட, பையில் போட்டு எந்தக் கிட்டாருடையது என்று எழுதி வைப்பேன். மாற்றத்துக்குச் செலவழித்த பணம் விற்கும்போது திரும்பி வரும் என்று கணக்குப் போடாதீர்கள், வராது. நம் காதுக்காகச் செய்தோம், அதை நாம் கேட்டு அனுபவித்தோம், அத்தோடு அந்தக் கணக்கு தீர்ந்தது. பெரும்பாலும் பேஸ் சரியில்லை என்று தோன்றும்போது தேவைப்படுவது புது பிக்கப் இல்லை, புது ஸ்ட்ரிங்கும் ஒழுங்கான செட்டப்பும்தான்.

கடைசியில் விற்க வேண்டிய நிலை வந்தது. முழுசாக வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்தார், நான் எதிர்பார்த்ததைவிட நல்ல விலை சொன்னார். எல்லாக் குறையையும் சொன்னேன். "அதெல்லாம் எனக்குத் தெரியும் அண்ணா. அந்த வாஷரையும் முத்திரையையும் அப்படியே வச்சுக் குடுங்க, பேட்டரி ஓட்டையை நான் மரம் வச்சு அடைச்சுக்கறேன்" என்றார். எதற்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கொடுக்கவில்லை.

பிரித்துத்தான் விற்றேன். பாடியை, குடைந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, பழசாக்கிய புதுப் பாடி என்று எழுதிக் கொடுத்து ஒரு மாணவருக்கு. நெக்கை, ஃபிரெட்போர்டைப் பிரித்து டிரஸ் ராடையே மாற்றிப் பழகப்போகிறேன் என்ற ஒருவருக்கு. பிக்கப் இரண்டும் மீட்டரில் எதிரிலேயே அளந்து காட்டிய பிறகு இன்னொருவருக்கு. எல்லாம் சேர்த்தும் நான் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

சீரியல் நம்பர் தகட்டுக்குத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். தகடு மட்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று. இதுவரை ஆறு பேர். ஏன் வேண்டும் என்று கேட்டால் ஒருவரும் பதில் சொல்வதில்லை. அது என் டூல் பெட்டியின் அடியில் கிடக்கிறது. விற்பதாக இல்லை.