முதல் கருவிப்பெட்டி: எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது

காரின் சிறு பராமரிப்பு வேலைகளை வீட்டிலேயே செய்துகொள்ள முடிவெடுத்தவரின் கண்ணில் முதலில் படுவது, 150 உருப்படிகள், 200 உருப்படிகள் என்று அட்டையில் அச்சிட்ட பெரிய பெட்டிதான். அந்த எண்ணிக்கையின் பெரும்பகுதியை ஸ்குரூ டிரைவர் பிட்டுகளும், காரில் அரிதாகவே பயன்படும் 4, 5 மி.மீ. சாக்கெட்டுகளும் (போல்ட்டின் தலைமீது தொப்பி போல் மாட்டும் குழாய்த் துண்டுகள்) நிரப்பிவிடுகின்றன. ஆயில் மாற்றுவது, ஏர் ஃபில்டரையும் பேட்டரியையும் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் கழற்றுவது, சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது ஆகிய வேலைகளுக்கு வேண்டியவை முப்பது உருப்படிகளுக்குள் அடங்கிவிடும். பெட்டியாக வாங்குவதா, ஒவ்வொன்றாகத் தேர்ந்து வாங்குவதா என்று கேட்டால், சாக்கெட்டுகளை மட்டும் 8 முதல் 19 மி.மீ. வரையிலான சிறு தொகுப்பாக வாங்கச் சொல்வேன். தனித்தனியாக வாங்குவதைவிடச் செலவு குறையும் என்பதோடு, என்ஜின் அறைக்குள் எதையாவது மறந்து விட்டுவிட்டால் பெட்டியின் காலிக் குழியே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். மற்றவற்றைத் தேவை வரும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

வாங்கும் முன் உங்கள் காரின் போல்ட்டுகளைப் பார்த்துவிடுங்கள். ஜப்பானிய வடிவமைப்புக் கார்களில் 8, 10, 12, 14, 17, 19 ஆகிய அளவுகளே பெரும்பாலும் போதும். ஐரோப்பியக் கார்களில் 13, 16, 18 ஆகியவையும், நட்சத்திர வடிவத் தலையுள்ள டார்க்ஸ் போல்ட்டுகளும் அடிக்கடி எதிர்ப்படும்.

ஸ்பேனர்களில் நான்கு வகைகள் போட்டியிடுகின்றன. வாய் திறந்த ஸ்பேனர் போல்ட்டின் ஆறு பக்கங்களில் இரண்டை மட்டுமே பற்றுகிறது. ரிங் ஸ்பேனர் தலையை முழுவதுமாகச் சூழ்ந்து பிடிக்கிறது. இறுகிக் கிடக்கும் போல்ட்டை முதலில் அசைப்பதற்கு ரிங்கும், அசைந்த பிறகு வேகமாகச் சுழற்றி எடுப்பதற்குத் திறந்த வாயும் ஏற்றவை என்பதால், ஒரு முனை ரிங்காகவும் மறுமுனை திறந்த வாயாகவும் இருக்கும் காம்பினேஷன் ஸ்பேனரே தொடங்குபவருக்குச் சிறந்தது. திறந்த வாய் பெரும்பாலும் 15 பாகை சாய்த்தே வடிவமைக்கப்பட்டிருக்கும். இடம் குறுகலாக இருந்தால் ஒவ்வொரு அசைவுக்கும் ஸ்பேனரைப் புரட்டிப் போட்டுச் சிறிது சிறிதாகத் திருப்புவதற்காகவே அந்தச் சாய்வு. வாயின் அகலத்தை மாற்றிக்கொள்ளும் அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் எல்லா அளவுக்கும் ஒன்றே போதும் என்று தோன்றினாலும், அதன் நகரும் தாடையில் எப்போதும் சிறிது தளர்வு இருக்கும். அந்தத் தளர்வு போல்ட்டின் மூலைகளைத் தின்றுவிடும். காரைப் பொறுத்தவரை அதை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

இனி சாக்கெட்டுக்கு வருவோம். உட்புறம் ஆறு முனைகளா, பன்னிரண்டு முனைகளா என்ற கேள்வியைப் பலர் கவனிப்பதே இல்லை. நானும் முதன்முறை ஆயில் மாற்றியபோது கவனிக்கவில்லை. கையில் இருந்தது பன்னிரண்டு முனை 17 மி.மீ. சாக்கெட், பழைய ஆயிலை வடிப்பதற்கான டிரெயின் போல்ட் பலமாக முறுக்கப்பட்டிருந்தது, காரின் அடியில் படுத்தபடி சற்றே சாய்வாக இழுத்தேன். "கிரக்" என்ற சத்தத்துடன் கை விடுபட்டது. சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தபோது அதன் உள்ளே சீவிய இரும்புத் துகள்கள் மின்னின. போல்ட்டின் ஆறு மூலைகளும் நாணய விளிம்பு போல் வழுவழுப்பாகியிருந்தன. பிறகு ஓர் ஆறு முனை சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றித்தான் அதைக் கழற்ற முடிந்தது. காரணம் எளிது: பன்னிரண்டு முனை சாக்கெட் போல்ட்டின் மூலைக்கு அருகிலேயே அழுத்துகிறது, ஆறு முனை சாக்கெட் மூலையிலிருந்து விலகி, பக்கவாட்டின் தட்டையான பரப்பில் அழுத்துகிறது. பன்னிரண்டு முனையின் நன்மை, 30 பாகைக்கு ஒருமுறை மாட்டிக்கொள்ள முடியும் என்பதே. ராட்செட் (போல்ட்டிலிருந்து எடுக்காமலே முன்னும் பின்னும் அசைத்து ஒரே திசையில் திருப்ப உதவும் பற்சக்கரக் கைப்பிடி) இல்லாத ரிங் ஸ்பேனருக்கு அது உண்மையான நன்மை. சாக்கெட்டுக்கோ அந்த வேலையை ராட்செட்டே செய்துவிடுவதால், ஆறு முனையைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். சில புதிய என்ஜின்களில் உள்ள 14 மி.மீ. பன்னிரண்டு முனை ஸ்பார்க் பிளக்குகளுக்கு மட்டும் அதற்குரிய மெல்லிய சாக்கெட் தேவைப்படும். மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 16 அல்லது 21 மி.மீ. ஆழமான சாக்கெட் போதும்.

ராட்செட்டில் கால் அங்குல டிரைவ் (சாக்கெட்டை மாட்டும் சதுர முனை) மெல்லியது, அரை அங்குலம் கனமானது. இரண்டுக்கும் இடைப்பட்ட 3/8 அங்குலமே என்ஜின் அறையின் பெரும்பாலான வேலைகளுக்குப் பொருந்தும். பற்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். 36 பற்கள் என்றால் ஒவ்வொரு சொடுக்குக்கும் கைப்பிடி 10 பாகை நகர வேண்டும். 72 பற்கள் என்றால் 5 பாகை போதும். பேட்டரித் தாங்கியின் பின்புறம் கையை நுழைத்து வேலை செய்யும்போது அந்த 5 பாகை வேறுபாடு நன்றாகவே தெரியும். சக்கர நட்டுகளைத் தளர்த்த ராட்செட்டைப் பயன்படுத்தினால் அதன் பற்கள் உடையக்கூடும். காருடன் வரும் குட்டையான எல் ஸ்பேனரும் கைக்கு அலுப்பு தரும். ஒரு கையால் இழுத்து மறு கையால் அழுத்தக்கூடிய சிலுவை வடிவ ஸ்பேனர், நட்டின் மீது நேராக நிற்பதால் நழுவுவதும் குறைவு.

இறுக்குவதற்கு டார்க் ரெஞ்சு, அதாவது முறுக்கு விசையை அளந்து இறுக்க உதவும் கருவி, ஆடம்பரமா என்று கேட்பவர்கள் உண்டு. அரை மீட்டர் நீளக் கைப்பிடியின் முனையில் 20 கிலோ எடைக்குச் சமமான விசை கொடுத்தால் ஏறத்தாழ 98 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை கிடைக்கும். பல சிறு கார்களின் சக்கர நட்டுகளுக்கு 100 அல்லது அதற்குச் சற்று மேல் வேண்டும். கையின் உணர்வை மட்டும் நம்பினால் ஒரு நட்டுக்கும் மற்றொன்றுக்கும் பெரிய வேறுபாடு வந்துவிடும். என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப் அலுமினியமாக இருந்தால், அதன் டிரெயின் போல்ட்டைக் கூடுதலாக இறுக்கினால் மரை போய்விடும். அதைச் சரிசெய்யும் செலவோடு ஒப்பிட்டால் ரெஞ்சின் விலை பெரிதாகத் தெரியாது. முள் காட்டும் வகை மலிவானது, எளிதில் பழுதாகாது. ஆனால் அளவுகோலை நேருக்கு நேர் பார்த்துப் படிக்க வேண்டும். முன்கூட்டியே வைத்த அளவை எட்டியதும் சத்தம் தரும் சொடுக்கும் வகையைக் கண்ணுக்கு எட்டாத இடத்திலும் பயன்படுத்தலாம். வேலை முடிந்ததும் அளவை மிகக் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வைக்க வேண்டும். பராமரிக்கும் பழக்கம் உள்ளவருக்குச் சொடுக்கும் வகையையே பரிந்துரைப்பேன். எந்த வகையானாலும் அதைக் கொண்டு போல்ட்டைத் தளர்த்தக் கூடாது.

ஸ்குரூ டிரைவரிலும் பிளேயரிலும் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. இரண்டாம் எண் பிலிப்ஸ், ஒரு தட்டை முனை, ஒரு கட்டிங் பிளேயர், ஒரு நோஸ் பிளேயர் ஆகியவை போதும்.

ஜாக்கியில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. காருடன் வரும் கத்தரிக்கோல் ஜாக்கி சாலையோரத்தில் சக்கரம் மாற்ற மட்டுமே உருவானது. பாட்டில் ஜாக்கியின் தூக்கும் திறன் அதிகம். ஆனால் அதன் அடிப்பகுதி சிறியது, உயரம் குறைந்த கார்களின் அடியில் நுழைவதும் இல்லை. அகலமான அடியும் சக்கரங்களும் கொண்ட டிராலி ஜாக்கியே வீட்டுக்குத் தகுந்தது. தூக்கும்போது அது சிறிது உருள வேண்டியிருப்பதால் தரை கெட்டியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். இந்த மூன்றில் எதுவும் காரின் அடியில் படுப்பதற்கான பாதுகாப்பு அல்ல. ஹைட்ராலிக் ஜாக்கியின் சீல் கசிந்தால் கார் இறங்கிவிடும். செங்கல்லோ கான்கிரீட் கட்டியோ முன்னறிவிப்பின்றி உடையும். ஆகவே ஜாக்கி வாங்கும் அன்றே தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஒரு ஜோடி ஆக்சில் ஸ்டாண்டும் வாங்க வேண்டும். அதில் எழுதியிருக்கும் டன் அளவு ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று படித்துப் பாருங்கள். உயரத்தைப் பற்களில் நிறுத்தும் பல் பிடியுடன், அது நழுவாமல் தடுக்கும் பாதுகாப்பு ஊசியும் உள்ள வகை நல்லது. தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, காரை ஸ்டாண்டின் மீது இறக்கிய பின், அடியில் நுழைவதற்கு முன் பக்கவாட்டில் நின்று தோளால் ஒருமுறை தள்ளிப் பாருங்கள். சிறிதளவு ஆடினாலும் மீண்டும் தூக்கி, ஸ்டாண்டைச் சரியாக அமர்த்திய பிறகே படுக்க வேண்டும்.