பழைய 1035 டிராக்டருக்கு கிராங்க் தேடுறவங்க பணம் அனுப்புறதுக்கு முன்னாடி படிங்க, என் 38,500 போச்சு

மாசி ஃபெர்குசன் 1035 பழைய மாடல், சிம்சன் இன்ஜின் வண்டி வச்சிருக்கவங்க யாராவது செகண்ட்ஸ்ல கிராங்க்கோ (பிஸ்டன் ஏறி இறங்குறதை சுழற்சியா மாத்துற தண்டு) டீசல் பம்ப்போ தேடிட்டு இருந்தா தயவுசெஞ்சு நில்லுங்க. நேத்து லேத் பட்டறைல இருந்து வந்ததுல இருந்து சோறு இறங்கல எனக்கு.

எங்களோடது அப்பா வாங்குன வண்டி. மூணு சிலிண்டர், 152 கியூபிக் இஞ்ச், பெர்கின்ஸ் டிசைன். சேத்துல கேஜ் வீல் (இரும்பு கூண்டு சக்கரம்) போட்டு ஓட்டும்போது ஆயில் பிரஷர் இறங்கி பேரிங் பிடிச்சுருச்சு, பிரிச்சு பார்த்தா கான்ராட் ஜர்னல்ல (பிஸ்டனோட கம்பி வந்து கிராங்கை பிடிக்கிற உருண்டை இடம்) நகம் மாட்டுற அளவுக்கு கீறல். ஏற்கனவே இருபது அண்டர்சைஸ் போன கிராங்க் (அதாவது ஜர்னலை கடைஞ்சதுல இஞ்ச்ல ஆயிரத்துல இருபது பங்கு இளைச்சது), முப்பதுக்கு கிரைண்டிங் போட்டாலும் கீறல் போகாதுன்னுட்டாங்க, முப்பதுக்கு மேல பேரிங்கும் கிடையாது. பம்ப்பும் சூடானா ஸ்டார்ட் ஆகாது, ரோட்டர் தேஞ்ச கேஸ். கடைல புது கிராங்க் இருக்கு, ஆனா எங்க மெக்கானிக் மாமா, இப்ப வர்ற லோக்கல் சரக்குக்கு கம்பெனி கிராங்க் பழசே மேல், தேடிப்பாருன்னு சொன்னார்.

தேடுனேன். பழைய சாமான் வாங்கி விக்கிற ஒரு மொபைல் ஆப்ல கிடைச்சுது. கிராங்க், கான்ராட் மூணு, ரோட்டரி பம்ப், எல்லாம் சேர்த்து 38,500. கிராங்க் ஸ்டாண்டர்ட் சைஸ், ஒரு தடவை கூட கிரைண்டிங் போகலன்னு போட்டிருந்தான். ராத்திரி அவனே வீடியோ கால் வந்தான். மைக்ரோமீட்டரை ஜர்னல்ல வச்சு காட்டுறான், 57.1 மில்லிமீட்டர், கரெக்ட்டா ஸ்டாண்டர்ட். தட்டிக் காட்ட சொல்லுடான்னார் மாமா, உடனே செயின்ல தூக்கி சுத்தியல்ல ஒரு தட்டு தட்டினான், கோயில் மணி மாதிரி நின்னு ஒலிக்குது, விரிசல் இல்லாத கிராங்க் அப்படித்தான் ஒலிக்கும். அதுக்கப்புறம் அவனா சொன்னான், "அண்ணே நானும் விவசாயி வீட்டு பையன்தான், பணத்துக்கு அவசரமே இல்ல, நாலு பேர்கிட்ட கேட்டுட்டு சொல்லுங்க"ன்னு. அவசரப்படுத்துறவனதான் ஏமாத்துக்காரன்னு நமக்கு சொல்லி வச்சிருக்காங்க, இவன் அவசரமே படுத்தல பாருங்க! அந்த ஒரு வார்த்தைக்குதான் மறுநாள் காலைல மொத்தமா 38,500 அனுப்புனேன்.

லாரி ஆபீஸ்ல சாக்குல கட்டி வந்துச்சு. கிராங்க் பூரா புது கருப்பு பெயிண்ட், மேல கிரீஸ். நேரா லேத்துக்கு கொண்டு போனோம். அவர் அளக்கவே இல்ல, முதல்ல கத்தியால வெப் (ஜர்னலுங்களை இணைக்கிற தட்டையான பகுதி) மேல பெயிண்டை சுரண்டுனார். உள்ள பஞ்ச்ல அடிச்ச 30, அதாவது முப்பதுக்கு கிரைண்டிங் போன கிராங்க், அதையும் உளி வச்சு அழிக்க பார்த்திருக்கானுங்க, ஆனா சைபர் பாதி தெரியுது. அளந்தா 56.3 சில்லறை. அதோட விடல, மண்ணெண்ணெய் ஊத்தி ஊற வச்சு, துணியால துடைச்சுட்டு சாக்பீஸ் தூளை தடவினார். கொஞ்ச நேரத்துல நடு ஜர்னல் ஓரத்துல, ஜர்னல் வளைஞ்சு வெப்போட சேர்ற இடத்துல, தலைமுடி கணக்கா ஒரு ஈரக்கோடு எழும்பி வருது. விரிசல். இதை போட்டு ஓட்டியிருந்தா கிராங்க் ரெண்டா உடைஞ்சு இன்ஜின் பிளாக்கையும் சேர்த்து கிழிச்சிருக்கும். பம்ப்பை பத்தி என்ன சொல்ல, உள்ள தண்ணி போயி துரு பிடிச்ச மண்ணு. வீடியோல நாங்க பார்த்த கிராங்க் வேற, வந்தது வேற.

போன் பண்ணா முதல்ல "லாரில அடிபட்டிருக்கும்ணே". லாரில அடிபட்டா 30னு பஞ்ச் விழுமாடா? அப்புறம் உங்க லேத்காரர் மைக்ரோமீட்டர் பழசுன்னான். அப்புறம் ஓனர் ஊர்ல இல்ல (அதுவரைக்கும் அவன்தான் ஓனர்). அப்புறம் திருப்பி அனுப்புங்க, லாரி வாடகை உங்களோடது, பார்த்துட்டு சொல்றோம். கடைசில என் நம்பரையே பிளாக் பண்ணிட்டான். அந்த ஆப்ல கம்ப்ளைன்ட் போட்டா, வாங்குறவர் விக்கிறவர் நடுவுல நடக்குற பணத்துக்கு நாங்க பொறுப்பில்லன்னு ரெடிமேட் பதில், அதுவும் இங்கிலீஷ்ல. விளம்பரத்துக்கு காசு வாங்கும்போது மட்டும் பொறுப்பு இருக்கும் போல. 38,500ங்க, ஒரு போகத்துல கையில நிக்கிற காசு.

என்னென்ன பார்த்து வாங்கணும்னு விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், இருக்குற கோவத்துல முடியல. இதை மட்டும் கேளுங்க. வெப்ல பெயிண்டை சுரண்டி 10, 20, 30 பஞ்ச் இருக்கான்னு பாருங்க, புது பெயிண்ட் அடிச்ச பழைய கிராங்கை தொடாதீங்க. வீடியோ கால்ல அவன் முன்னாடியே கிராங்க் மேல உங்க பேரை பஞ்ச் அடிக்க சொல்லுங்க, அதே பேரோட வரணும். நேர்ல போய் தூக்கிட்டு வர முடியாத சாமானுக்கு முழு பணம் போடாதீங்க. ஏமாந்துட்டா உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு போன் போடுங்க, நுகர்வோர் உதவிக்கு 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல நம்ம ஊர்லயே கேஸ் போடலாம், 5 லட்சம் வரைக்கும் பீஸ் கிடையாது, நான் போடத்தான் போறேன்.

அதே கிராங்க் போட்டோ இப்பவும் அந்த ஆப்ல வேற பேர்ல கிடக்கு, 500 ரூபா குறைச்சு போட்டிருக்கான். செங்கல் தரை, பின்னாடி நீல டிரம், பார்த்தா விலகிடுங்க.