வேளச்சேரி பக்கம் வெள்ளத்தில் மாட்டிய பைக் விற்கும் கடை: 5க்கு 3.5

சென்னையில் பெரிய மழை ஒன்று அடித்து ஓய்ந்தால் போதும், மறுபடியும் செகண்ட் ஹேண்ட் கடைகளில் பளபள வண்டிகள் வந்து நிற்கும். முடிச்சூரிலும் பள்ளிக்கரணையிலும் தண்ணீரில் கிடந்ததைக் கழுவி, புது சீட் கவர் போட்டு, "சிங்கிள் ஓனர் சார், ஆபீஸ் போய் வந்த வண்டி" என்பார்கள். 2015லும் இதே கதை, 2023 மிக்ஜாம் புயலுக்கு அப்புறமும் இதே கதை. இந்தக் கடை வேறு மாதிரி. வண்டியைக் கழுவாமல் வந்தபடியே வைத்திருக்கிறார்கள், சேற்றுக்கோடு எதுவரை ஏறியிருக்கிறது என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். எனக்கு இந்தக் கடை பிடித்ததற்கு முதல் காரணம் அதுதான்.

நான் எடுத்தது 2018 ஸ்பிளெண்டர் பிளஸ், 19 ஆயிரம் ரூபாய். கார்புரேட்டர் வண்டி என்பதால்தான் துணிந்தேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு ஏறக்குறைய எல்லா பைக்கும் எஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டி ஆகிவிட்டது. ஈசியூ என்ற கன்ட்ரோல் பெட்டி, சென்சார், டேங்குக்குள் பம்ப் என்று தண்ணீர் புகுந்து கெடுக்க அதில் ஏகப்பட்ட இடம் இருக்கிறது, வாங்கும் அன்றைக்கு நன்றாக ஓடிவிட்டு சில மாதம் கழித்து கிண்டி சிக்னலில் நின்றுவிடும். சீட் உயரத்துக்குத் தண்ணீர் ஏறிய எஃப்ஐ வண்டியை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் நான் தொடமாட்டேன்.

கடை மெக்கானிக் அண்ணன் வேலை தெரிந்தவர். செல்ஃப் ஸ்டார்ட் பட்டனில் கை வைக்கவே விடவில்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், தண்ணீர் அமுங்காது, பிஸ்டனோடு சேர்ந்த கனெக்டிங் ராடுதான் வளையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என்னையே கிக்கரை மிதிக்கச் சொன்னார், ஓட்டை வழியாக ஒரு சொட்டு கூட வரவில்லை. அப்புறம் இன்ஜின் ஆயிலை இறக்கிக் காட்டினார். அது பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம், இதில் கருப்பாகத்தான் வந்தது. ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் மட்டும் கொஞ்சம் வண்டல். "தம்பி, இன்ஜினை விடுங்க, ஒயரிங்கைப் பாருங்க" என்று ஹெட்லைட்டைக் கழற்றிக் கொடுத்தார். ஒயர்களை இணைக்கும் கப்ளர் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தேன், இரண்டில் தண்ணீர் பட்டு பச்சை பூத்து அரித்திருந்தது. அதைச் சொல்லித்தான் விலையைக் குறைத்தேன். வீல் பேரிங், ஹேண்டில்பார் திரும்பும் இடத்துக் கோன் செட், பிரேக் ஷூ, பேட்டரி எல்லாம் எப்படியும் மாற்ற வேண்டியதுதான், பார்ட்ஸ் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் தேடினால் கட்டுப்படியாகும்.

வடசென்னையில் எர்ணாவூர், மணலி பக்கத்து வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். மிக்ஜாமில் அங்கே வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது, அந்தப் பிசுக்கு ரப்பர், சீல் எதையும் சும்மா விடாது.

ஒன்றரை மார்க்கைக் குறைத்தது பேப்பர் விஷயத்துக்காக. ஆர்சியில் ஹெச்பி, அதாவது வண்டிக் கடனுக்கான வங்கியின் பெயர், இன்னும் நீக்கப்படவில்லை என்பதைப் பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை, அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்து நான்தான் சொன்னேன். கடன் முடிந்தது என்ற வங்கி என்ஓசியும் ஹெச்பியை நீக்குவதற்கான படிவம் 35ம் கைக்கு வரும்வரை 5 ஆயிரத்தை நிறுத்தி வைத்தேன். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30ல் பழைய ஓனர் கையெழுத்து வாங்கித் தரவும் இழுத்தடித்தார்கள், போன் போட்டால் "நாளைக்கு சார்" தான். இன்சூரன்ஸில் டோட்டல் லாஸ், அதாவது சரிசெய்தாலும் கட்டுப்படியாகாது என்று முடிவான வண்டியா என்று கேட்டால் நேரடியான பதில் வராது, அதனால் பழைய ஓனரிடம் பேச வைக்கச் சொல்லுங்கள், கேட்டால் நம்பர் தருகிறார்கள்.

இப்போது வண்டி தினமும் தரமணி போய் வருகிறது. முதல் ஆயிலை 300 கிலோமீட்டரிலேயே மாற்றிவிட்டேன், முன் ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் ஃபோர்க் ஆயில் மட்டும் இன்னும் பாக்கி.