டைப்ஸ்கிரிப்ட் உதாரணம் அனுப்பிச் சில வருடங்களுக்குப் பிறகு

சீஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த தரவு வரிகள்) வரிவரியாக வாசித்துத் தரும் ஒரு பழைய ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை (மற்றவர்கள் எழுதிவைத்த ஆயத்தக் கோட்), யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட இருக்கிற எங்கள் அலுவலகத்தில் நெடுநாளாகப் பாவிக்கிறோம். கம்பஸ் முடித்து வரும் பெடியள், ஜாவாஸ்கிரிப்டில் தரவின் வகையையும் (டைப்) குறித்து எழுதும் டைப்ஸ்கிரிப்டிலேயே பழகி வருகிறவர்கள். இந்த லைப்ரரியைத் தொட்டதும் "அண்ணை, இம்போர்ட் லைனிலயே சிவப்புக் கோடு போடுது" என்று வந்து நிற்பார்கள்; இம்போர்ட் என்பது லைப்ரரியைத் தங்கள் கோப்புக்குள் எடுக்கும் வரி. ஒவ்வொருவருக்கும் விளக்குவதிலும் பார்க்க, லைப்ரரியின் உதாரண ஃபோல்டரிலேயே ஒரு டைப்ஸ்கிரிப்ட் கோப்பு கிடக்கட்டும் என்று எழுதி, லைப்ரரியைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

உதாரணத் தரவாக மரக்கறிச் சந்தை விலைப்பட்டியலைப் போட்டேன்: பெயர், கிலோ விலை. இங்கேதான் விஷயம் இருக்கிறது. சீஎஸ்வியில் வருவதெல்லாம் எழுத்துச் சரம். ஆனால் தரவின் வடிவத்தைச் சொல்லும் இன்டர்ஃபேஸில் விலையை 'நம்பர்' என்று எழுதினால் டைப்ஸ்கிரிப்ட் மறுபேச்சில்லாமல் நம்பிவிடும். ஓடும் நேரத்தில் டைப் எதுவும் மிஞ்சாது. 120 ரூபாய் விலையோடு 50ஐக் கூட்டினால் 12050 வந்து நிற்கும், கோட்டைச் சோதித்து மாற்றும் கம்பைலர் வாயே திறக்காது. அதனால் வரியை முதலில் 'அன்னோன்' (வகை தெரியாதது) ஆக எடுத்து, சோதித்து, எண்ணாக மாற்றிய பிறகே விலை என்று சொல்லும் ஒரு சிறு ஃபங்ஷனை உதாரணத்தில் வைத்தேன். கோப்பு கொஞ்சம் நீண்டது. 'எனி' (எந்த வகையும் சரி) போட்டுச் சுருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. எல்லா இடத்திலும் 'எனி' என்றால் அது டைப்ஸ்கிரிப்ட் உதாரணமே இல்லை, பெயர் மாற்றிய ஜாவாஸ்கிரிப்ட்.

இம்போர்ட் லைன்தான் அதிகம் அலைக்கழித்தது. லைப்ரரி காமன்ஜேஎஸ் என்ற பழைய மாட்யூல் முறை, முழுவதையும் ஒரே ஃபங்ஷனாக வெளியே தருகிறது. 'ஈஎஸ்மாட்யூல்இன்டர்ஆப்' என்ற டைப்ஸ்கிரிப்ட் அமைப்பைப் போட்டிருந்தால் வழமையான டிஃபால்ட் இம்போர்ட் சரிவந்தது, போடாவிட்டால் பிழை காட்டியது. அதைப் போட்டாலும் போடாவிட்டாலும் ஓடட்டும் என்று 'இம்போர்ட் சமன் ரிக்வயர்' வடிவத்தையே பராமரிப்பவர்கள் கேட்டார்கள். அப்போது அது நியாயம்தான். பிறகு, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் மென்பொருளின் 23.6 பதிப்பிலிருந்து டைப்ஸ்கிரிப்ட் கோப்பை நேரடியாகவே ஓட்ட முடிந்தது. நோட் செய்வது டைப்களை உரித்தெடுப்பது மட்டும். 'ஈனம்' (enum) என்ற பெயரிட்ட மதிப்புப் பட்டியலும் இந்த இம்போர்ட் வடிவமும் உரித்தால் மட்டும் போதாதவை, அதற்குச் செல்லாது. ஆகவே அந்த ஒரு வரியை மீண்டும் டிஃபால்ட் இம்போர்ட்டாக மாற்றி இன்னொரு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை ஏற்கக் கேட்கும் விண்ணப்பம்) போட்டேன். டைப்ஸ்கிரிப்ட் 5.8இல் வந்த 'எரேசபிள்சின்டாக்ஸ்ஒன்லி' அமைப்பைப் போட்டால், இப்படிப்பட்டவற்றைக் கம்பைலரே முன்கூட்டிச் சொல்லிவிடும்.

கோப்பைவிட எனக்குப் பிடித்தது, அதோடு சேர்த்து அனுப்பிய ஒற்றைவரிச் சோதனை. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சிஐ (மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் அமைப்பு) அந்த உதாரணத்தைக் கடுமையான ஸ்ட்ரிக்ட் முறையில் டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரான டிஎஸ்சியிடம் கொடுத்துப் பார்க்கும், வெளியீடு எதுவும் எழுதாது. ஒருமுறை யாரோ ஒரு ஆப்ஷனின் பெயரை லைப்ரரியிலும் உதாரணத்திலும் மாற்றினார்கள். ஜாவாஸ்கிரிப்ட் சோதனைகள் எல்லாம் பச்சை, உதாரணம் மட்டும் சிவப்பு. லைப்ரரியின் டைப்களை விவரிக்கும் டைப் கோப்பில் பழைய பெயரே கிடந்தது. வெளியிடுவதற்கு முன்னமே பிடிபட்டது. ஆவணப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கோட் துண்டுக்கு இந்தக் காவல் கிடையாது. அது பழுதாகிக் கிடப்பதை யாரும் கவனிக்கமாட்டார்கள்.

குறை இல்லாமல் இல்லை. டைப் கோப்பு இந்த லைப்ரரிக்குள் இல்லை, டெஃபினிட்லி டைப்ட் என்ற பொதுக் களஞ்சியத்தில் தனியாக இருக்கிறது. லைப்ரரி ஒரு பதிப்பு ஏறினால் டைப் பின்னால் மெதுவாக வரும், அதுவரை சிஐ சிவப்பு. அந்த நேரத்தில் அறிவித்தல் மெயில் எல்லாம் என் பெயருக்குத்தான். டைப்பையும் லைப்ரரிக்குள்ளேயே கொண்டுவாருங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். பராமரிக்க ஆளில்லை என்றார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான், சம்பளமில்லாத வேலை.

இப்போது அலுவலகத்தில் யாராவது இப்படி உதாரணம் அனுப்பப்போகிறேன் என்றால், சிஐ வரியையும் அதே புல் ரிக்வெஸ்டில் சேர்க்கச் சொல்கிறேன். அது ஏலாது என்றால் அனுப்ப வேண்டாம் என்றும்தான்.