ஷோகன்: மூன்றாவது தடவை பார்த்த பிறகு எழுதுகிறேன்

1600 வாக்கில் ஜப்பானில் நடக்கிற கதை, ஷோகன் டிவி தொடர். 2024 ஏப்ரலில் அதன் கடைசி எபிசோட் முடிந்த ராத்திரி எனக்கு வந்தது கோபம்தான். எட்டு வாரமாகப் போர் வருகிறது, இதோ வருகிறது என்று ஏற்றிவிட்டு, கடைசியில் கடலோரப் பாறை மேல் இரண்டு பேர் நின்று பேசுவதோடு முடித்துவிட்டார்களே என்று. அந்த வாரம் முழுக்கப் பார்த்தவர்கள் பாதிப் பேர் "சண்டை எங்கே?" என்றுதான் புலம்பினார்கள். இதைவிட நல்ல முடிவு கிடையாது என்று சாதித்தவர்களும் இருந்தார்கள். அதற்கப்புறம் இன்னும் இரண்டு தடவை முழுசாகப் பார்த்துவிட்டேன், இப்போது நான் அந்த இரண்டாவது கட்சி. கதையை உடைத்துத்தான் பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதல் தடவை இந்தத் தொடர் நம்மைக் கொஞ்சம் படுத்தும். பெயர்கள் மனதில் நிற்காது. வசனத்தில் சுமார் 70 சதவீதம் ஜப்பானிய மொழி, அதனால் கண் சப்டைட்டிலிலேயே கிடக்கும். போதாததற்கு கதாபாத்திரங்கள் இங்கிலீஷில் பேசும்போது அதைப் போர்ச்சுகீசியம் என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும், எனக்கு இது பிடிபடவே இரண்டு எபிசோட் ஆனது. பல பேர் இங்கேயே கழன்றுகொண்டார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டாவது தடவைதான், கதையில் மொழிபெயர்ப்பாளராக வருகிற மரிக்கோ என்ற பெண் மொழிபெயர்க்கிற இடங்களைக் கவனித்தேன். ஜப்பானியப் பிரபு டோரநாகா ஒன்று சொல்கிறார், நாம் அதை சப்டைட்டிலில் படித்துவிடுகிறோம். அடுத்த நொடி மரிக்கோ அதையே ஆங்கிலேய மாலுமி பிளாக்தோர்னிடம் சொல்லும்போது முனை மழுங்கியிருக்கும். அவன் பதிலுக்குக் கத்துவது டோரநாகா காதுக்குப் போகும்போது மரியாதை ஏறியிருக்கும். அந்த இரண்டு ஆண்களுக்கும் தெரியாதது அவளுக்கும் நமக்கும் மட்டும் தெரியும். 1980-ல் ஐந்து ராத்திரி ஓடிய பழைய தொடரில் ஜப்பானிய வசனத்துக்கு சப்டைட்டிலே கிடையாது, மாலுமிக்குப் புரியாதது பார்க்கிறவர்களுக்கும் புரியவில்லை. அங்கே மாலுமி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கதையை இங்கே மரிக்கோ பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறோம். எனக்கு மொத்தத் தொடரும் மாறியது இந்த ஒரு விஷயத்தில்தான்.

ஐந்தாவது எபிசோடில் ஒரு ஃபெசன்ட் பறவை வருமே, அதைச் சொல்ல வேண்டும். டோரநாகா பரிசாகக் கொடுத்ததை, தன் ஊர் வழக்கப்படி இறைச்சி பதம் வரட்டும் என்று பிளாக்தோர்ன் வீட்டில் தொங்கவிடுகிறான். யாரும் தொடக்கூடாது, தொட்டால் சாவு என்று அரைகுறை ஜப்பானிய மொழியில் சொல்லி வைக்கிறான். அவனுக்கு அது பேச்சுவாக்கில் வந்த வார்த்தை, வீட்டில் இருப்பவர்களுக்கு எஜமானின் உத்தரவு. நாற்றம் தாங்காமல் எல்லோரும் தவிக்க, வயதான தோட்டக்காரர் அதை இறக்குகிறார், அவர் உயிர் போகிறது. என்ன கொடூரமான ஊர் இது என்று முதல் தடவை கடந்துவிட்டேன். இரண்டாவது தடவை, அந்தப் பறவை அழுகத் தொடங்கியதிலிருந்தே எனக்கு வயிறு கலங்கியது. அவர் வந்தாலே மனசு வேண்டாம் வேண்டாம் என்றது. ஒரு வார்த்தை தப்பாகப் போய்ச் சேர்ந்தால் ஒரு மனுஷன் செத்துப்போவான் என்பதை இதற்கு மேல் எப்படிக் காட்டுவது?

அப்புறம்தான் வரலாற்றைத் தேடிப் படித்தேன். டோரநாகாவுக்கு மூலம், பின்னால் ஜப்பானையே ஆண்ட டோகுகாவா இயெயாசு. பிளாக்தோர்னுக்கு மூலம் 1600-ல் டச்சுக் கப்பலில் வந்து சேர்ந்த வில்லியம் ஆடம்ஸ். மரிக்கோவுக்கு ஹோசோகாவா கிரேசியா. இயெயாசுவின் எதிரணி ஆட்கள் பணயமாகப் பிடிக்க வந்தபோது, தற்கொலை பாவம் என்ற கிறிஸ்தவ நம்பிக்கையால் வீட்டு ஊழியர் கையால் உயிரை விட்டவர் அவர். இது தெரிந்த பிறகு ஒன்பதாவது எபிசோடில் மரிக்கோ ஒசாக்கா கோட்டையில் காவலர்களை ஒற்றை ஆளாக எதிர்த்து, ஓரடி முன்னேறி, தள்ளப்பட்டு, மறுபடி முன்னேறுகிற காட்சியைப் பார்த்தேன், தொண்டை அடைத்துவிட்டது. மரிக்கோவாக நடித்த அன்னா சவாய்க்கு எம்மி விருது கொடுத்தது இந்த எபிசோடுக்காகவே என்றுதான் எனக்குத் தோன்றும். பாதிரியார்கள் வருகிற காட்சிகளும் படித்த பிறகு வேறு மாதிரி ஆனது. ஜப்பானில் 1549-ல் கிறிஸ்தவம் பரப்பப் போன பிரான்சிஸ் சேவியர், 1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர்களிடையே இருந்த அதே ஆள்தான்.

போருக்கு வருகிறேன். தொடர் காட்டாமல் விட்ட போருக்கு மூலமான நிஜமான சேகிகஹாரா போர் 1600 அக்டோபர் 21 அன்று ஒரே நாளில் முடிந்தது. எதிரணிப் பிரபு கோபயகாவா ஹிதேயாகி நடுவில் கட்சி மாறியதுதான் அதைத் திருப்பியது, அதற்கான பேச்சை இயெயாசு தரப்பு முன்கூட்டியே முடித்து வைத்திருந்தது. போர்க்களத்துக்குப் போவதற்கு முன்பே முக்கால்வாசி முடிந்துபோன போர் அது. அப்படியென்றால் டோரநாகா பாறை மேல் நின்று, துரோகம் செய்து சாகப்போகிற தன் ஆள் யாபுஷிகேவிடம் நடக்கப்போவதை அமைதியாகச் சொல்வதுதான் சரியான கிளைமாக்ஸ்.

பிடிக்காததும் உண்டு. படத்தின் ஓரங்கள் பல இடங்களில் மங்கலாகவே இருக்கும், மூன்று தடவை பார்த்தும் எனக்குப் பழகவில்லை. ராத்திரிக் காட்சிகள் ரொம்ப இருட்டு, பகலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. விளக்கை அணைத்துவிட்டு, போனைத் தூர வைத்துவிட்டுப் பாருங்கள், சப்டைட்டிலில் ஒரு வரி விட்டால் போச்சு.

இன்னும் இரண்டு சீசனுக்கு வேலை நடப்பதாக 2024 மே மாதம் சொன்னார்கள். தொடருக்கு மூலமான ஜேம்ஸ் கிளாவெல் நாவலின் கதை முதல் சீசனிலேயே முடிந்துவிட்டது. டோரநாகாவாக நடிக்கிற ஹிரோயுகி சனடா இருக்கிறார், கட்டாயம் பார்ப்பேன். ஆனால் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்க, முதல் சீசனிலேயே செத்துப்போன மரிக்கோ இல்லை, எனக்குப் பயம் அதுதான்.