11 பிட்ச் ப்ரொப்பெல்லர்: இழுவை அருமை, ஹப்தான் தலைவலி

ஐந்து மீட்டர் ஃபைபர் படகு, 60 குதிரைத் திறன் நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்ட் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் மோட்டார்), கியர் விகிதம் 1.85, அதாவது எஞ்சின் 1.85 சுற்று சுற்றினால் ப்ரொப்பெல்லர் ஒரு சுற்று. அதில் இருந்த 13 பிட்ச் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு 11 பிட்ச் மூன்று இறக்கை அலுமினிய ப்ரொப்பெல்லர் மாட்டி இரண்டு சீசன் ஓடியாயிற்று. பிட்ச் என்பது வழுக்காமல் ஒரு சுற்று சுற்றினால் ப்ரொப்பெல்லர் எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற அளவு. போன மாதம் அதன் ஹப்பை, அதாவது நடுவில் இருக்கும் ரப்பர் பகுதியை, மாற்ற வேண்டி வந்தது. அதே நேரம் பார்த்து, இதே மோட்டார் வைத்திருக்கும் நண்பர் "13 வாங்கட்டுமா, 11 வாங்கட்டுமா?" என்று கேட்டார். அவருக்கு எழுதியதுதான் இது.

பிட்ச்சை வேகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், முழு த்ராட்டிலில் வரும் ஆர்.பி.எம்மை (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை) வைத்து முடிவு செய்யுங்கள். இந்த மோட்டாரின் கையேடு சொல்லும் வரம்பு 5000 முதல் 6000. நாலு பேர், முழு டேங்க், ஐஸ் பெட்டி எல்லாம் ஏற்றியபோது 13 பிட்ச்சில் முள் 4900-ஐத் தாண்டவில்லை. டாப் கியரிலேயே லாரியை மேட்டில் ஏற்றுவது போன்ற வேலை இது. த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்கும், எஞ்சினோ சுற்ற முடியாமல் திணறும். சூடு ஏறும், கார்பன் படியும். நாள்பட்டால் பிஸ்டனுக்கே ஆபத்து. பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 150 முதல் 200 ஆர்.பி.எம் கூடும். 11-க்கு மாறியதும் அதே சுமையில் 5250 வந்தது. இரண்டு பேர் மட்டும் இருந்தால் 5700, எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டருக்கு இன்னும் இடம் இருக்கிறது.

ஒரு விஷயத்தை முதலிலேயே பாருங்கள். ஆர்.பி.எம் மீட்டரின் முதுகில் போல் எண்ணிக்கையை (மோட்டாரின் மின்னாக்கியில் உள்ள காந்த முனைகளின் எண்ணிக்கையை) தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச் இருக்கும். அது மோட்டாருக்குப் பொருந்தாத எண்ணில் இருந்தால் மீட்டர் காட்டுவது அத்தனையும் பொய். அதை நம்பி ப்ரொப்பெல்லர் வாங்கினால் காசு வீண்.

வேகம் போய்விடுமே என்று பயப்படுகிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆர்.பி.எம்மை பிட்ச்சால் பெருக்கி, 0.001524-ஆலும் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற ஏட்டு வேகம் வரும். 13 பிட்ச், 4900 என்றால் 52.5. ஜிபிஎஸ் காட்டியதோ 41, அதாவது ஏட்டு வேகத்தில் 22 சதவீதம் நீரில் வழுக்கலாகப் போகிறது. 11 பிட்ச், 5250 என்றால் 47.6. ஜிபிஎஸ் காட்டியது 40, வழுக்கல் 16 சதவீதம். முழுச் சுமையில் இழந்தது ஒரே ஒரு கிலோமீட்டர். அணியம் (படகின் முன்பகுதி) வானம் பார்த்து நிற்கும் நேரம் பாதியாகக் குறைந்துவிட்டது, படகு சட்டென்று நீரின் மேல் எழுந்துவிடுகிறது. மெதுவாக ஓட்டினாலும் கீழே அமராமல் ஓடுகிறது. இந்த மாற்றத்தில் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷம் இதுதான். படகு காலியாக இருக்கும்போது மட்டும் நாலு கிலோமீட்டர் குறைவு. அதை நான் பொருட்படுத்தவில்லை. அளக்கும்போது காற்றோடு ஒரு முறை, எதிர்க்காற்றில் ஒரு முறை ஓட்டிச் சராசரி எடுங்கள்.

இனி என்னை எரிச்சலூட்டுவதைச் சொல்கிறேன்.

இறக்கைகளுக்கும் ஷாஃப்ட்டில் ஏறும் உலோகக் குழாய்க்கும் நடுவில் ஒரு ரப்பர் ஹப், பிரஸ்ஸில் வைத்து அழுத்தி ஏற்றப்பட்டிருக்கிறது. இறக்கை எதிலாவது மோதினால் அந்த அதிர்ச்சி கியருக்குப் போகாமல் தாங்குவது அதன் வேலை. நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் புகை வெளியேறும் வழியும் ப்ரொப்பெல்லரின் நடுவிலேயே இருப்பதால் ரப்பர் சூட்டிலேயே கிடக்கிறது. நாளாக நாளாக இறுகிப்போய்ப் பிடி விடுகிறது. ஒரு தடவை வழுக்கினால் உரசலில் பளபளப்பேறி, அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் வழுக்கும்.

இது திடீரென்று உடைந்து நின்றாலாவது தெரியும். மெதுவாகப் போகும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். த்ராட்டிலை அழுத்தினால் எஞ்சின் அலறும், படகு நகராது. உடனே பலரும் "கேவிடேஷன்" என்று சொல்லி மோட்டாரின் உயரத்தை மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். அது கேவிடேஷன் அல்ல. மேற்பரப்பிலிருந்து காற்றை இழுத்துக்கொள்வது வென்டிலேஷன். திருப்பத்திலும் அலையிலும், ட்ரிம்மை (மோட்டாரின் சாய்வை) வெளியே தூக்கியபோதும் வரும், ட்ரிம்மை உள்ளே இழுத்தால் நிற்கும். கேவிடேஷன் என்பது இறக்கையில் அழுத்தம் குறைந்து நீரே ஆவிக் குமிழாவது. அது இருந்தால் அடிபட்ட விளிம்புக்குப் பின்னால் பெயின்ட் அரித்து, உலோகத்தில் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருக்கும். அமைதியான நீரில், நேர் ஓட்டத்தில், ட்ரிம் உள்ளே இருக்கும்போதும் ஆர்.பி.எம் எகிறுகிறதா? ஹப்பைச் சந்தேகப்படுங்கள்.

சோதனை எளிது. உள்குழாயின் முகப்பிலிருந்து வெளிக்கூட்டின் விளிம்பு வரை, ஒரே நேர்கோட்டில் இரண்டிலும் கீறிக் குறி வையுங்கள். முழுச் சுமையில் பலமாக நாலைந்து முறை த்ராட்டில் கொடுத்துவிட்டு வந்து பாருங்கள். இரண்டு கீறலும் விலகியிருந்தால் ஹப் போய்விட்டது. நடுத்தண்ணீரில் இப்படி ஆனால் த்ராட்டிலைக் குறைத்து ஊர்ந்தாவது கரை சேர்ந்துவிடலாம்.

புது ஹப் போட பிரஸ் இருக்கும் பட்டறைக்குத்தான் போக வேண்டும். போன இடத்தில் கேட்காமலே இறக்கை விளிம்பையும் "சரி செய்து" கொடுத்தார்கள். பின்விளிம்பின் வளைவு, அதாவது கப், கொஞ்சம் கூடிவிட்டது. பொறித்த எண் இன்னமும் 11-தான், ஆனால் அதே சுமையில் 5250 வந்த இடத்தில் 5100. ஒரே பிட்ச் எண் போட்ட இரண்டு கம்பெனி ப்ரொப்பெல்லர்கள் இரண்டு விதமாக ஓடுவதற்கும் கப் ஒரு முக்கியக் காரணம். பட்டறையில் கொடுக்கும்போதே "ஹப் மட்டும், விளிம்பைத் தொடாதீர்கள்" என்று எழுதிக் கொடுங்கள்.

திரும்ப மாட்டும்போது கில் ஸ்விட்ச் (எஞ்சினை அணைக்கும் அவசர ஸ்விட்ச்) கயிற்றை எடுத்துவிட்டு, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்து, இறக்கைக்கும் அதற்கு மேலே மோட்டாரில் இருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டை வையுங்கள். த்ரஸ்ட் வாஷரை (ப்ரொப்பெல்லருக்கு முன்னால் ஷாஃப்ட்டில் இருக்கும் தடித்த வளையம்) கழற்றி அதன் பின்னால் தங்கூஸ் நரம்பு (மீன்பிடி நைலான் இழை) சுற்றியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது ஆயில் சீலை அறுத்துவிட்டால் தண்ணீர் உள்ளே போய் கியர் ஆயில் பால் நிறமாகிவிடும். ஸ்ப்ளைன் (ஷாஃப்ட்டில் உள்ள பல்வரிகள்) முழுக்கத் தண்ணீருக்குக் கரையாத கிரீஸ் தடவுங்கள். வாஷரின் சரிவான பக்கம் கியர்கேஸைப் பார்த்து இருக்க வேண்டும். நட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். நட் கழலாமல் பிடிக்கும் காட்டர் பின்னின் துளை பொருந்தாவிட்டால் இன்னும் கொஞ்சம் முறுக்குங்கள், தளர்த்தவே கூடாது. பின் ஒவ்வொரு முறையும் புதிது.

நண்பருக்குப் பதில்: பிட்ச் 11-தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இத்தனை புகழ்ந்த இதே ப்ரொப்பெல்லரை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரஸ் தேவைப்படாமல் கையாலேயே கழற்றி மாட்டக்கூடிய பிளாஸ்டிக் ஹப் கிட் உள்ள வகையில் 11 தேடுங்கள். கூடவே ஒரு உதிரி ஹப், நட், இரண்டு காட்டர் பின், ஸ்பேனர், அந்த மரக்கட்டை, எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிப் படகிலேயே போட்டுவிடுங்கள்.