சென்சாரை ஒப்பிட்டுக் காட்டுகிறார்களா? முதலில் லென்ஸைப் பாருங்கள்

கோயில் கொடை விழாக்களைப் படம் எடுப்பது எனக்குத் தொழில் அல்ல, பித்து. சுடலைமாடன் சாமக்கொடையில் ஃபிளாஷ் போட்டால் பந்த வெளிச்சம் செத்துவிடும், சாமியாடியும் முறைப்பார். போடாமல் எடுத்தால் என் கேனானில் படமெங்கும் மணல் தூவியதுபோல் புள்ளிகள். அதனால்தான் திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் உள்ள ஒரு கேமராக் கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, கோளாறு உங்கள் சென்சாரில் இருக்கிறது. இந்த நிக்கான் கேமராவில் சோனி சென்சார். இருட்டையும் பகலாக்கும்" என்றார் கடைக்காரர். சென்சார் என்றால் கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் தகடு. அது சோனியுடையது என்பதில் பொய் இல்லை. நிக்கான் தன் கேமராக்கள் பலவற்றில் சோனி செய்த சென்சாரைத்தான் வைக்கிறது. கேனான் பெரும்பாலும் சொந்தமாகச் செய்துகொள்கிறது. இருட்டைப் பகலாக்கும் என்பதை நம்பவைக்க விளக்கை அணைத்தார். அலமாரியில் இருந்த ஒரு பொம்மையை இரண்டு கேமராவிலும் என் மெமரி கார்டிலேயே எடுத்துக் காட்டினார். என்னுடையதில் மணல். அவருடையதில் வெண்ணெய். பழையதற்கு 14,000 ரூபாய் கழித்துக்கொண்டு, மேலே 38,000 வாங்கினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கொடை. அதே மணல்!

வீட்டுக்கு வந்து அந்தப் பொம்மைப் படங்களைக் கணினியில் திறந்து விவரங்களைப் பார்த்தேன். ஷட்டர் வேகம், அதாவது வெளிச்சம் விழும் நேரம், இரண்டிலும் 1/60 நொடி. எஃப் எண் சிறுத்தால் லென்ஸின் திறப்பு பெரிது. ஐஎஸ்ஓ என்பது வெளிச்சம் போதாதபோது படத்தைப் பிரகாசமாக்கக் கூட்டும் அளவு; அதைக் கூட்டினால் புள்ளிகளும் கூடும். என் கேமராவில் என் ஜூம் லென்ஸ், எஃப் 5.6, ஐஎஸ்ஓ 6400. அவருடையதில் 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8, ஐஎஸ்ஓ 640. அந்த லென்ஸின் திறப்பு ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். சென்சாருக்கு வேலையே இல்லை. பில் போட்டதும் அந்த 50 மி.மீ. லென்ஸைக் கழற்றிவிட்டு, பெட்டியில் வந்த ஜூமை மாட்டிக் கொடுத்ததை நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், மடையன்.

பிராண்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை. விற்றதும் வாங்கியதும் ஏபிஎஸ்-சி எனும் சிறிய அளவுச் சென்சார்தான். கேனானில் அது சுமார் 22.3 × 14.9 மி.மீ.; நிக்கானிலும் சோனியிலும் சுமார் 23.5 × 15.6. இந்தச் சிறு வித்தியாசத்தில் சாமக்கொடை விடிந்துவிடாது. 36 × 24 மி.மீ. அளவுள்ள ஃபுல் ஃபிரேம் எனும் பெரிய சென்சார் என்றால் பரப்பே இரண்டு மடங்குக்கு மேல். அது வேறு கதை, விலையும் வேறு.

கடையில் யாராவது இப்படி ஒப்பிட்டுக் காட்டினால், இரண்டிலும் ஒரே எஃப் எண், ஒரே ஷட்டர், ஒரே ஐஎஸ்ஓ வைக்கச் சொல்லுங்கள். சென்சார் பதிந்ததை ஏறக்குறைய அப்படியே வைக்கும் ரா கோப்பாக எடுக்கச் சொல்லுங்கள். வழக்கமான ஜேபெக் கோப்பில் கேமராவே புள்ளிகளை மழுப்பிவிடும். பின்பக்கத் திரையை நம்பாமல் கணினியில் முழு அளவில் பாருங்கள். மறுத்தால் இறங்கி வந்துவிடுங்கள்.

திருப்பிக் கேட்கப் போனேன். "அது லென்ஸ் விஷயம் அண்ணாச்சி, சென்சாரைக் குறை சொல்லாதீர்கள்" என்றார். கண்ணாடி அலமாரியில் என் பழைய கேனான் 22,000 ரூபாய் விலைச்சீட்டோடு உட்கார்ந்திருந்தது. அதன் முகத்தில் இப்போது ஒரு 50 மி.மீ. லென்ஸ்.